‘எப்ப நல்லாகும்?’ : பாரிசவாதத்தின் பின்னர் மீட்சியை முன்கூட்டி மதிப்பிடல்

பாரிசவாதம் வந்த ஒருவரை வெளிநோயாளர் பிரிவுக்குக் கூட்டி வரும் குடும்பத்தினர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “மிஸ், வாப்பா எப்ப நடப்பாரு?” சற்று நேரத்தில் இரண்டாவது கேள்வி வரும்: “கை வருமா?” மூன்றாவது கேள்வியை நோயாளிக்கு முன்னால் கேட்கமாட்டார்கள். மகனோ மகளோ திரும்ப உள்ளே வந்து, குரலைத் தாழ்த்தி, “உண்மையச் சொல்லுங்க, இவர் இனி வேலைக்குப் போவாரா?” என்பார்கள்.

கிழக்கிலுள்ள அரசாங்க வைத்தியசாலையொன்றில் பிசியோதெரபிஸ்டாகப் பல வருடங்கள் கடமையாற்றி வருபவள் என்ற வகையில், இக்கேள்விகளுக்கு நமது ஊர்களில் இரண்டு ஆயத்தப் பதில்கள் புழங்குவதைக் காண்கிறேன். ஒன்று, “பயப்படாதீங்க, எல்லாம் பழையபடி வரும்.” மற்றது, “ஆறு மாசத்துக்குள்ள வராட்டி இனி ஒண்டும் வராது.” முதலாவதை நம்பியவர்கள் பயிற்சியை ஒத்திப்போடுகிறார்கள். இரண்டாவதை நம்பியவர்கள் அதைக் கைவிடுகிறார்கள். இரண்டுக்கும் இடையில், பரிசோதித்துப் பார்த்து, காரணத்தோடு சொல்லக்கூடிய ஒரு பதில் இருக்கிறது. அந்தப் பதில் எப்படி உருவாகிறது, அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரை.

“நாளைக்கு நடக்கிறத அல்லாஹ் மட்டும்தானே அறிவான், நீங்க எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. நான் சொல்வது மறைவான அறிவு ஒன்றுமில்லை. குடலைப் பருவத்தில் வயலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஏக்கருக்கு எத்தனை மூடை தேறும் என்று ஒரு விவசாயி சொல்கிறார் அல்லவா? வெள்ளம் வந்தால் கணக்குப் பிழைக்கும் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கை வைத்துத்தான் கூலியாட்களையும் லொறியையும் ஒழுங்கு செய்கிறார். நமது மதிப்பீடும் அப்படிப்பட்டதே.

கை கால் ஏன் திரும்ப வருகிறது?

மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைபடுவதால் அல்லது வெடிப்பதால் பாரிசவாதம் உண்டாகிறது. இதில் அடைப்பினால் வருவதே அதிகம். இரத்தம் முற்றாக நின்றுபோன நடுப்பகுதியின் நரம்புக் கலங்கள் இறந்துவிடுகின்றன. அதைச் சுற்றியுள்ள பகுதி இறக்கவில்லை, மயங்கிக் கிடக்கிறது. வீக்கம் வற்றி, இரத்த ஓட்டம் சீரடையும்போது அது மெல்ல விழிக்கிறது. அத்தோடு, தப்பிய பகுதிகள் புதிய இணைப்புகளை ஏற்படுத்தி, இழந்த பகுதியின் வேலையில் ஒரு பங்கை ஏற்கப் பழகுகின்றன. மூளையின் இந்த மாறும் தன்மை முதல் சில வாரங்களில் உச்சத்தில் இருக்கும். அதனால்தான் ஆரம்பத்தில் முன்னேற்றம் வேகமாகத் தெரிந்து, பின்னர் படிப்படியாக மெதுவாகிறது.

மூளையின் மேற்பரப்பிலிருந்து முள்ளந்தண்டு வரை இறங்கும் ஒரு நரம்புப் பாதை இருக்கிறது. “கையை நீட்டு” என்ற கட்டளை இந்தக் கேபிள் வழியாகவே இறங்குகிறது. கேபிளில் சில இழைகளாவது தப்பியிருந்தால் பயிற்சிக்குப் பிடிமானம் உண்டு. முற்றாக அறுந்திருந்தால் விரல்களின் நுண்ணிய அசைவு திரும்புவது மிகவும் கடினம். காலுக்கு இந்த நெருக்கடி சற்றுக் குறைவு. நடப்பதற்கு இடுப்பும் முழங்காலும் உடலைத் தாங்கினாலே பாதி வேலை முடிந்துவிடும். அதற்கு வேறு நரம்பு வழிகளும் துணை நிற்கின்றன. பொத்தான் பூட்டுவதற்கோ பேனை பிடிப்பதற்கோ அப்படி மாற்று வழி கிடையாது. “கால் வந்திட்டுது, கை மட்டும் ஏன் வரல்ல?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான்.

முதல் நாட்கள் சொல்லும் செய்தி

மீட்சியை முன்கூட்டிச் சொல்வது பற்றிய தெளிவான ஆய்வுகளில் சில நெதர்லாந்திலிருந்து வந்தவை. 2010 ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பார்க்கப்பட்டவை இரண்டு அசைவுகள்: நோயாளியால் விரல்களைச் சற்றேனும் நீட்ட முடிகிறதா? கையைத் தோளிலிருந்து பக்கவாட்டில் சற்றேனும் உயர்த்த முடிகிறதா? பாரிசவாதம் வந்து 72 மணித்தியாலங்களுக்குள் இவ்விரண்டும் ஓரளவு தெரிந்தவர்களுக்கு, ஆறாம் மாதத்தில் கையால் ஏதாவது பயனுள்ள வேலை செய்யும் வாய்ப்பு நூற்றுக்கு 98 ஆக இருந்தது. இரண்டும் தெரியாதவர்களுக்கு அது 25. ஒன்பதாம் நாளிலும் தெரியாவிட்டால் 14 ஆகக் குறைந்தது.

அதே ஆய்வுக் குழுவினர் 2011 இல் நடை பற்றியும் எழுதினர். பிறர் தாங்காமல் 30 வினாடிகள் உட்கார்ந்திருக்க முடிகிறதா, பாதிக்கப்பட்ட காலில் தசை இறுக்கமாவது தெரிகிறதா என்று பார்த்தனர். முதல் 72 மணித்தியாலத்தில் இரண்டும் இருந்தவர்களில் ஆறாம் மாதமளவில் தனியே நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 98. இரண்டும் இல்லாதவர்களுக்கு 27. ஒன்பதாம் நாளிலும் இல்லாவிட்டால் 10.

நியூசிலாந்தின் ஒக்லண்ட் நகரைச் சேர்ந்த கேத்தி ஸ்டினியர் குழுவினர் இதை இன்னும் ஒழுங்குபடுத்தி, 2017 இல் ‘ப்ரெப் 2’ என்ற முறையை வெளியிட்டனர். மூன்றாம் நாளில் தோள் உயர்த்தும் பலத்துக்கு ஐந்து, விரல் நீட்டும் பலத்துக்கு ஐந்து என்று பத்துக்குப் புள்ளி இடுவார்கள். ஐந்தோ அதற்கு மேலோ கிடைத்தால், வயதையும் சேர்த்துப் பார்த்து, கை நன்றாகவோ மிக நன்றாகவோ மீளும் என்று கணிக்கலாம். ஐந்துக்குக் குறைந்தால், தலைக்கு வெளியே வைத்த காந்தச் சுருளால் மூளையைத் தூண்டி, கைத் தசையில் துடிப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். துடிப்பு வந்தால் கேபிள் முற்றாக அறுந்துவிடவில்லை என்று பொருள். மூன்றாம் மாதத்தின் நிலையை இம்முறை நூற்றுக்குச் சுமார் 75 பேரில் சரியாகச் சொன்னது. காந்தச் சுருள் நமது ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்காது. ஆனால் விரலையும் தோளையும் பார்ப்பதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை.

ஆகவே, வாட்டில் இருக்கும்போதே குடும்பத்தவர் ஒருவர் இவற்றைக் கவனித்து, திகதியோடு கிளினிக் கொப்பியில் குறித்து வைக்கலாம்: எத்தனையாம் நாள் தானாக உட்கார்ந்தார், எத்தனையாம் நாள் விரல் நீண்டது. ஐந்தாறு வாரம் கழித்து என்னிடம் வரும்போது, ஸ்கேன் படத்துக்கு அடுத்ததாக எனக்கு மிகவும் உதவுவது அந்த இரண்டு வரிகள்தான்.

கிளினிக்கில் என்ன பார்க்கிறேன்?

வெளிநோயாளராக வரும் கட்டத்தில் முதல் நாட்களின் கணக்கு மட்டும் போதாது. இப்போது ஒரு நாள் நிலையை விட, வாரத்துக்கு வாரம் உண்டாகும் மாற்றமே முக்கியம். போன மாதம் முழங்கையை மட்டும் மடக்கியவர் இந்த மாதம் நீட்டவும் தொடங்கியிருந்தால், கோடு இன்னும் மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

நடைக்கு ஓர் எளிய அளவு உண்டு. 10 மீட்டர் தூரத்தை அவரது வழமையான வேகத்தில் எத்தனை வினாடிகளில் கடக்கிறார் என்று பார்ப்போம். அமெரிக்க வைத்தியர் ஜக்குலின் பெரி குழுவினர் 1995 இல் காட்டிய எல்லைகளின்படி, 25 வினாடிகளுக்கு மேல் எடுப்பவர் பெரும்பாலும் வீட்டுக்குள் மட்டும் நடப்பவராக இருப்பார். 12.5 வினாடிகளுக்குள் கடப்பவர் சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் தடையின்றிப் போய்வரக்கூடியவர். இடையில் இருப்பவர் வெளியே போவார். ஆனால் தூரமும் இடமும் அவரைக் கட்டுப்படுத்தும். “வாப்பா பள்ளிக்கு நடந்து போவாரா?” என்ற கேள்விக்கு இந்த வினாடிக் கணக்கு ஒரு நேர்மையான பதிலைத் தரும். இதை வீட்டில் அளந்து பார்ப்பவர்கள், பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்காமல் செய்யக்கூடாது.

அன்றாட வேலைகளுக்கு, 1965 இல் அமெரிக்காவில் மஹோனி, பார்தெல் ஆகிய இருவரும் வெளியிட்ட அட்டவணை இன்றும் பயன்படுகிறது. சாப்பிடுதல், குளித்தல், உடுத்தல், மலசலம் கட்டுப்படுதல், மாடிப்படி ஏறுதல் முதலான பத்து விடயங்களுக்கு மொத்தம் 100 புள்ளி. ஆனால் நமது வீடுகளில் இதைவிடச் சில கேள்விகள் எனக்குத் தேவைப்படுகின்றன. நிலத்தில் இருந்து எழும்புவாரா? குந்தும் மலசலகூடத்தைப் பாவிப்பாரா? ஒற்றைக் கையால் வுழூ செய்வாரா? சுஜூதிலிருந்து நிலைக்கு எழ முடியுமா, அல்லது கதிரையில் தொழ ஏற்பாடு வேண்டுமா? சோறு பிசைந்து உண்ணும் கை எது? வலது பக்கம் பாதிக்கப்பட்ட பலர், இடது கையால் சாப்பிட வெட்கப்பட்டு, ஊட்டிவிடும் வரை பசியோடு இருப்பதைக் கண்டிருக்கிறேன். இயலாதவருக்கு இதில் சலுகை உண்டு என்பதை ஊர் ஆலிம் ஒருவர் வந்து நேரில் சொல்லும்போது, நான் பத்து முறை சொன்னதை விட வேகமாக வேலை நடக்கும்.

பலத்தைத் தவிர வேறு சிலவும் கணக்கை மாற்றுகின்றன. தொடு உணர்வு இல்லாத கை, பலம் வந்தாலும் பயன்படாமல் தொங்கும். இடது பக்கத்தையே கவனியாத நிலை சிலருக்கு ஏற்படும். தட்டின் பாதிச் சோற்றை மட்டும் உண்டுவிட்டு எழும்புவார்கள். அவர்கள் நடக்கத் தொடங்கினாலும் கதவு நிலையில் மோதி விழுவார்கள். தோள் வலி இன்னொன்று. படுக்கையிலிருந்து எழுப்பும்போது தளர்ந்த கையைப் பிடித்து இழுப்பது இந்த வலிக்கு ஒரு பெரிய காரணம். வலி வந்த பிறகு நோயாளி அந்தக் கையை அசைக்கவே விடமாட்டார்.

எல்லாவற்றையும் விட மறைவாக இருப்பது மனச்சோர்வு. பாரிசவாதத்துக்கு ஆளானவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இது வருவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. “இவர் சோம்பேறியாகிட்டார், சொன்னாக் கேக்கிறாரில்ல” என்று மனைவி முறைப்பாடு செய்யும்போது, முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். இதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. ஈமான் குறைந்ததற்கு அடையாளமாக இதைப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

ஆறு மாதக் கதை

“ஆறு மாசம்” என்ற எல்லை வானத்திலிருந்து விழுந்ததல்ல. டென்மார்க்கின் கோப்பன்ஹேகனில் சுமார் 1,200 நோயாளிகளைத் தொடர்ந்து அவதானித்து 1995 இல் வெளியான ஆய்வில், அன்றாட வேலைகளில் 95 சதவீதமானோர் தமது உச்ச நிலையைப் பன்னிரண்டரை வாரங்களுக்குள் எட்டிவிட்டனர். மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு 20 வாரங்கள் பிடித்தன. இதிலிருந்து இரண்டு பாடங்கள் உண்டு. முதல் மூன்று மாதங்கள் பொன்னானவை; அவற்றை வீணாக்கக்கூடாது. பாதிப்புக் கடுமையாக இருந்தால் கூடுதல் காலம் பொறுக்க வேண்டும்.

ஆனால் இது வழமையான பராமரிப்பில் நடந்ததைச் சொல்கிறது. பின்னர் தரப்படும் பயிற்சி பயனற்றது என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 408 பேரைக் கொண்டு நடத்தப்பட்டு 2011 இல் வெளியான ஆய்வில், ஒரு குழுவுக்கு நடை இயந்திரப் பயிற்சி இரண்டாம் மாதத்திலும், இன்னொன்றுக்கு ஆறாம் மாதத்திலும் தொடங்கப்பட்டது. மூன்றாவது குழுவுக்கு இயந்திரம் இல்லாமல், வீட்டிலேயே பிசியோதெரபிஸ்ட் வந்து பலமும் சமநிலையும் பயிற்றுவித்தார். ஒரு வருட முடிவில் மூன்று குழுக்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறியிருந்தன. மொத்தத்தில் 52 சதவீதமானோர் நடையில் ஒரு படி உயர்ந்திருந்தனர். ஆறாம் மாதத்தில் தொடங்கியவர்களும் முன்னேறினார்கள் என்பதும், விலையுயர்ந்த இயந்திரம் கட்டாயமில்லை என்பதும் நமக்கு முக்கியமான செய்திகள். அதே ஆய்வில் பாதிக்கு மேற்பட்டோர் அந்த வருடத்தில் ஒரு தடவையாவது விழுந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. குளியலறைக்குக் கைபிடி போடுவது பயிற்சியின் ஒரு பகுதி.

கைக்கும் இதே போன்ற சான்று உண்டு. 2006 இல் வெளியான ஆய்வொன்றில், மூன்று முதல் ஒன்பது மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்த 222 பேர் கலந்துகொண்டனர். ஒரு பிரிவினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு வாரம் பாதிக்கப்பட்ட கையாலேயே வேலை செய்ய வைத்தார்கள். கிடைத்த பயன் ஒரு வருடம் கழித்தும் நின்றது. ஆனால் அவர்கள் ஓரளவேனும் மணிக்கட்டையும் விரலையும் நீட்டக்கூடியவர்கள். விரலில் அசைவே இல்லாதவருக்கு இம்முறை பொருந்தாது. யாருக்கு எது பொருந்தும் என்பதைத் தெரிவதற்குத்தான் மதிப்பீடு.

சரியான கணிப்பு எதற்கு உதவும்?

பெயரும் ஊரும் தவிர்த்து இருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஒருவர் மீன் வியாபாரி. வலது பக்கம் பாதிக்கப்பட்டு ஐந்தாம் வாரத்தில் வந்தார். உறுதியாக உட்கார்ந்தார், முழங்காலை நீட்டினார், விரல்களில் ஓர் அசைவும் இல்லை. “கடைக்கு நடந்து போவீங்க, இன்ஷா அல்லாஹ். ஆனா அந்தக் கையால மீன் வெட்டுறது கஷ்டம்” என்றேன். அவர் அழுதார். மகன்மார் என்னோடு கோபித்துக்கொண்டு, நாற்பது நாளில் கையைத் திருப்பித் தருவதாகச் சொன்ன ஓரிடத்துக்குக் கூட்டிப் போனார்கள். தாயின் நகைகள் ஈடு வைக்கப்பட்டன. திரும்ப வந்தபோது கை அப்படியே இருந்தது. காலுக்குரிய பயிற்சி இரண்டு மாதம் தவறியிருந்தது. பிறகு நடையையும் இடது கையையும் பழக்கினோம். மேசையைத் தாழ்த்தி, தராசை இடப்பக்கம் மாற்றினார்கள். இன்று மகன் வெட்ட, அவர் நிறுத்துக் கொடுத்துக் காசு எண்ணுகிறார்.

மற்றவர் ஓர் உம்மா. முதல் வாரத்திலேயே விரல் நீண்டது. கணக்குப்படி அவரது கை நன்றாக மீண்டிருக்க வேண்டும். ஆனால் பிள்ளைகள் அவரை ஒன்றும் செய்ய விடவில்லை. “உம்மா இவ்வளவு காலமும் உழைச்சது போதும்” என்று தண்ணீர்க் கோப்பையைக் கூட வாயில் வைத்தார்கள். கிளினிக்குக்குக் கூட்டி வர ஆளில்லை என்று மாதக்கணக்கில் வரவில்லை. வந்தபோது தோள் இறுகி, கை மடங்கி இருந்தது. நல்ல கணிப்பும் பயிற்சியில்லாமல் நிறைவேறாது. வாரத்தில் 168 மணித்தியாலங்கள் உள்ளன. என்னிடம் அவர் இருப்பது கூடிப்போனால் ஒரு மணித்தியாலம். மிச்சம் முழுவதும் வீட்டில்தான்.

எண்களை வாசிப்பதிலும் கவனம் வேண்டும். ‘நூற்றுக்கு 14’ என்பது பூச்சியம் அல்ல. நூறு பேரில் 14 பேருக்குக் கை வேலை செய்தது. ‘நூற்றுக்கு 75 சரி’ என்றால் நால்வரில் ஒருவருக்குப் பிழைத்தது. ஒரு காலத்தில், இழந்த அசைவில் சுமார் 70 சதவீதம் மூன்று மாதத்தில் தானாகத் திரும்பும் என்று 2008 இல் முன்வைக்கப்பட்ட விதியொன்று பெரிதும் பேசப்பட்டது. அந்த விதியின் கணக்கிடும் முறையே முடிவை மிகைப்படுத்திக் காட்டியது என்று 2019 இல் ஆய்வாளர்கள் விமர்சித்தார்கள். எனவே எந்தக் கணிப்பையும் ஒரு முறை சொல்லிவிட்டு மூடிவைக்க முடியாது. மாதத்துக்கு ஒரு முறையாவது அளந்து திருத்த வேண்டும்.

வேறொரு ஆபத்தும் உண்டு. “இவருக்கு வராது” என்று சிகிச்சை தருபவரே முடிவு செய்துவிட்டால், அந்தக் கைக்குப் பயிற்சி கிடைக்காது. பயிற்சி இல்லாததால் அது வராது. பிறகு கணிப்புச் சரியாகிவிட்டது போலத் தோன்றும். அதனால் மோசமான கணிப்பைச் சொல்லும்போதும், அந்தக் கையின் மூட்டுகள் இறுகாமல், தோல் புண்ணாகாமல், வலி வராமல் பார்ப்பதை நான் விடுவதில்லை. பின்னர் அசைவு தென்பட்டால் அதை வரவேற்கக் கை தயாராக இருக்க வேண்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

“எப்ப நல்லாகும்?” என்பதை உடைத்துக் கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். அடுத்த ஆறு வாரத்தில் எந்த ஒரு வேலையை இலக்காக வைக்கலாம்? அதற்கு வீட்டில் தினமும் என்ன செய்ய வேண்டும், எத்தனை தடவை? கை வருவதற்கு முயல்வதா, மறு கையைப் பழக்குவதா, இரண்டுமா? எந்த அடையாளம் தெரிந்தால் நாங்கள் உடனே வர வேண்டும்?

கடைசிக் கேள்விக்கான விடையை இங்கேயே சொல்கிறேன். முகம் கோணுதல், கை திடீரெனத் தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திராமல் அந்த நிமிடமே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லுங்கள். இரண்டாவது தாக்கம் எல்லாக் கணிப்பையும் கலைத்துவிடும். பிரஷர், சீனி, இரத்த அடைப்புக்கான மாத்திரைகளை “இப்ப நல்லா இரிக்கார்தானே” என்று நிறுத்தாதீர்கள். நோன்பு காலத்தில் மாத்திரை நேரங்களை மாற்றுவதா, நோன்பை விடுவதா என்பதை றமழானுக்கு முன்பே வைத்தியரிடம் கேட்டு முடிவெடுங்கள்.

மதிப்பீட்டை மறைக்காமல் கேட்கும் குடும்பங்களில் நோயாளியையும் பக்கத்தில் இருத்திக் கேட்பதே நல்லது. கை அவருடையது. எதற்காகப் பாடுபடுவது, எதை விட்டுக்கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அவருக்கே முதலில் உண்டு. கதவுக்கு வெளியே வந்து என்னிடம் கேட்கப்படும் அந்த மூன்றாவது கேள்வியை, பெரும்பாலும் அவரும் மனதுக்குள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.